ரம் இல்லாமல் பிளம் கேக்: பழத்தை எதில் ஊற வைப்பது?

கேக் வேகும்போது ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள், அதை நம்பி குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கலவையோடு சேர்த்து ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் சுமார் 25 சதவீதம் தங்கிவிடுகிறது. வெந்த கேக்கின் மேல் ஊற்றுகிற ரம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரம் பழத்தை மெத்தென்று ஊற வைக்கும், காய்ச்சிய வெல்லம் போன்ற ஒரு வாசம் தரும், கேக் கெடாமலும் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டையும் நம் அடுப்படியிலேயே ஈடுகட்டலாம். மூன்றாவதை ஈடுகட்ட முடியாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரை கிலோ உலர்பழத்துக்கு (கறுப்பு திராட்சை, கிஸ்மிஸ், நறுக்கிய பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி) அரை கப் ஆரஞ்சு ஜூஸ், அரை கப் பால் சேர்க்காத கடுந்தேநீர் போதும். வெறும் ஜூஸில் ஊறிய பழம் தித்திப்பாக மட்டும்தான் இருக்கும், தேநீரின் துவர்ப்புதான் அதற்கு ஒரு கனம் கொடுக்கிறது. இரண்டு கிராம்பு, சிறு துண்டு பட்டை, கால் டீஸ்பூன் சுக்குப் பொடி சேர்த்து, பழம் உப்பி வரும்வரை சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து இறக்கி, கடைசியில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுங்கள், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். ரம் தொண்டையில் தரும் அந்தக் காரத்துக்குத்தான் சுக்கு, அதை விட்டுவிடாதீர்கள். ஆறியதும் மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். ரம்மில் ஊற வைப்பதுபோல மாதக்கணக்கில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும்.

வாசத்துக்கு கேரமல். அடி கனத்த பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள், பொன்னிறம் தாண்டி அடர்ந்த செம்பழுப்பாகி லேசாகப் புகை எழும் கணத்தில் அடுப்பை அணைத்து, அரை கப் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பயங்கரமாகத் தெறிக்கும் என்பதால் தள்ளி நின்று செய்யுங்கள். சீக்கிரம் இறக்கினால் வெறும் இனிப்பு, கறுத்துவிட்டால் கசப்பு. கருப்பட்டிப் பாகும் அருமையாகப் பொருந்தும்.

கேரமல் ஆறியதும் கேக் மாவில் கலந்துவிடுங்கள். பழத்தை வடிகட்டி, ஒரு கரண்டி மைதாவில் புரட்டி மாவில் சேர்த்தால் அவ்வளவாக அடியில் தங்காது. ஜூஸிலும் கேரமலிலும் இனிப்பு இருப்பதால் வழக்கமான சர்க்கரையில் நாலைந்து ஸ்பூன் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மத நம்பிக்கைக்காக மதுவை முழுதாகத் தவிர்ப்பவர்கள் வெனிலா பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்பதே ஆல்கஹாலில் எடுப்பதுதான். ரம் எசென்ஸ் வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். வெனிலா பொடி நல்லது.

சரி, கெடாமல் இருப்பது. ரம் கேக்கைப் போல இதை வாரக்கணக்கில் வெளியே வைக்க முடியாது. நம் ஊர் ஈரக் காற்றில் மூன்று நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். முன்கூட்டியே செய்ய நினைப்பவர்கள் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுத்தால் போதும்.