வாசலில் வந்து உட்காரும் பூனையை என்ன செய்வது? முதல் முறை யோசிப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மீன்காரம்மா சங்கராவை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். பின்கட்டில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து முதல் செதில் தெறிப்பதற்குள் மதில்மேல் ஒரு தலை தெரியும். குடலைத் தூக்கிப் போட்டால் கவ்விக்கொண்டு ஓடிவிடும். அடுத்த ஞாயிறு மீன்காரம்மா தெருமுனையில் இருக்கும்போதே கத்த ஆரம்பிக்கும். மூன்றாவது வாரம் உங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடலூரில் புதுப்பாளையம், தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் சொதப்புகிறோம். நானும் சொதப்பியவன்தான். ஒரு பெட்டைப் பூனைக்குச் சோறு வைத்தேன், பெயர் வைத்தேன், கருத்தடை ஆபரேஷனை மட்டும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். ஒன்றரை வருடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒன்பது உருப்படி. அதனால் இந்த விளக்கத்தில் வரிசை முக்கியம். சோறு வைப்பது முதல் வேலை இல்லை.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலோ, காயம் இருந்தாலோ அது வேறு. மற்றபடி எந்த நேரத்தில் வருகிறது, எந்தச் சுவர் வழியாகப் போகிறது, உங்களைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு உங்களைப் பார்த்துக் கத்தினால், அது மனிதரோடு பழகிய பூனை. வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று "மியாவ்" என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சத்தம் பெரும்பாலும் நமக்கானது. தரையோடு தரையாகப் பதுங்கி, கண்ணோடு கண் பார்க்காமல், நீங்கள் உள்ளே போன பிறகே வாசலுக்கு வந்தால் அது தெருவிலேயே பிறந்து வளர்ந்தது. அதை மடியில் வைத்துக் கொஞ்சும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம் பலரை ஏமாற்றும். அழுக்காக, மெலிந்து இருப்பது தெருப்பூனை, பளபளப்பாக இருப்பது வீட்டுப்பூனை என்று நினைப்போம். பல நேரம் நேர்மாறாக இருக்கும். தெருவில் பிழைக்கத் தெரிந்தது தன்னை நன்றாக நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும். வீட்டிலிருந்து வழிதவறி வந்ததுதான் பரிதாபமாக நிற்கும்.

ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். கருப்பு, வெள்ளை, செம்பட்டை என்று மூன்று நிறமும் கலந்திருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பெட்டை. முழுக்கச் செம்பட்டையாக இருந்தால் பெரும்பாலும் கடுவன். கடுவனுக்குக் கன்னம் இரண்டும் உப்பி, முகம் அகலமாக இருக்கும். பெட்டையாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள். காம்புகள் புடைத்துச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால், எங்கோ பக்கத்தில் குட்டிகள் இருக்கின்றன. காதையும் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம், உங்கள் வேலையில் பாதி மிச்சம்.

யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதம்

தொட விடும் பூனைக்கு மட்டும் இந்த வழி. நோட்டுக் காகிதத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். "இது உங்கள் பூனையா? தயவுசெய்து சொல்லவும்" என்று எழுதி உங்கள் போன் நம்பரையும் போடுங்கள். கழுத்தைச் சுற்றி, இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக வைத்து, நுனியில் மட்டும் செலோ டேப். எங்காவது மாட்டினால் உடனே கிழிய வேண்டும், அதனால்தான் காகிதம். நூல், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம்.

நான் கட்டியனுப்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வரவில்லை, பட்டைதான் திரும்பி வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே நீல மையில்: "இது எங்க மணி. நீங்க யாரு?" விசாரித்துக்கொண்டு போனால், நான் கருப்பி என்று கூப்பிட்ட பூனை பின்சந்து ஆயா வீட்டில் மணி. எதிர்த்த தையல் கடையில் அதற்குப் பெயரே இல்லை, "இந்தா" என்றால் வரும். மூன்று பேரும் தினமும் சோறு வைத்துக்கொண்டு, தன்னை விட்டால் அதற்கு நாதியில்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நல்லதாகப் போயிற்று. பின்னால் ஆபரேஷன் செலவை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

இப்போது முடிவெடுங்கள்

வழிகள் அதிகமில்லை. வேறு வீட்டுப் பூனை என்றால் சொல்லிவிட்டு விட்டுவிடலாம். தெருப்பூனையைத் தெருவிலேயே வைத்து, கருத்தடை செய்து, சோறு வைக்கலாம். நன்றாகப் பழகியது என்றால் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது நல்ல வீடு பார்த்துக் கொடுக்கலாம். இல்லை, எனக்குப் பூனையே வேண்டாம் என்று சொல்லலாம். அதுவும் நியாயமான முடிவுதான். மதில்மேல் பூனையாக நாம் உட்கார்ந்திருப்பதுதான் ஆகாது.

ஒரு வழி மட்டும் கூடாது. நம்மூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்: "சாக்குல போட்டு ஹார்பர்ல விட்டுட்டு வா தம்பி, மீனைத் தின்னுட்டு ராஜா மாதிரி இருக்கும்." இருக்காது. துறைமுகத்தில் ஏற்கெனவே இடம்பிடித்த பூனைகள் இருக்கின்றன, புதிதாக வருவதை அடித்துத் துரத்தும். தண்ணீர் எங்கே, நாய் எங்கே, ஒளிய இடம் எங்கே என்று எதுவும் தெரியாமல் பல பூனைகள் பழைய வீட்டைத் தேடிச் சாலையில் இறங்குகின்றன. அப்படித்தான் அடிபடுகின்றன. தவிர, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது எந்த ராஜாவுக்கு மீன்? இங்கே உங்கள் வாசலிலும் இடம் காலியாக இருக்காது. மீன்கழிவு கிடைக்கிற வரை அடுத்த பூனை வந்துவிடும்.

விஷம் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

வேண்டாம் என்பவர்களுக்கு

மீன் கழுவிய தண்ணீரையும் கழிவையும் வாசல் சாக்கடையில் விடாதீர்கள். குப்பை வாளிக்கு மூடி போடுங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தை, உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு, கம்பிவலை வைத்து அடையுங்கள். தொட்டி மண்ணைக் கழிப்பறையாக்கினால் மேலே சரளைக்கல் பரப்புங்கள். பினாயிலும் அந்துருண்டையும் பூனைக்கு விஷம், அவற்றைத் தூவாதீர்கள். வந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். பத்து நாளில் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்ளும்.

சோறு வைப்பதென்றால்

ஒரே இடம், ஒரே நேரம், அரைமணி கழித்துத் தட்டை எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் பெருச்சாளியும் நாயும்தான் சாப்பிடும், அப்புறம் பக்கத்து வீட்டில் சண்டை வரும். வேகவைத்த மத்தி அல்லது கோழியை முள், எலும்பு நீக்கிச் சோற்றில் பிசைந்து வைக்கலாம். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பால் வைப்பது நமக்கு வழிவழியாக வந்த பழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றால் போகும். நான் வைத்த முதல் கிண்ணம் பாலுக்கு மறுநாள் காலை வாசலைக் கழுவினேன். தண்ணீர்தான் வைக்க வேண்டும், கத்திரி வெயிலில் இரண்டு இடத்தில்.

காய்ச்சல் போலத் தெரிகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படித்தான்.

பிடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பூனை கடித்தாலும் கீறினாலும் வெறிநோய் ஆபத்து உண்டு. குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நினைப்பதைவிட நீளமான நேரம் அது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் அன்றைக்கும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி. தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். "சின்னக் கீறல்தானே" என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துபவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் சீழ் பிடிப்பதும் சீக்கிரம் நடக்கும்.

ஆபரேஷன்: தள்ளிப்போடக் கூடாத வேலை

கணக்கைப் பாருங்கள். பெட்டை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கலாம். நடுராத்திரியில் குழந்தை அழுவது போலக் கேட்கிறதே, "அபசகுனம்" என்று ஆயாக்கள் சொல்வார்களே, அது பருவத்துக்கு வந்த பூனையின் குரல், அல்லது அதற்காக நடக்கும் கடுவன்களின் சண்டை. ஆபரேஷனுக்குப் பிறகு அதுவும் நிற்கும். கடுவனுக்குச் செய்தால் கேட்டிலும் பைக்கிலும் அடிக்கிற அந்த நாற்றச் சிறுநீரும் வெகுவாகக் குறையும்.

முதலில் மருத்துவரிடம் பேசி நாள் வாங்குங்கள். கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம், தனியார் மருத்துவர்களும் செய்கிறார்கள். பாண்டிச்சேரி பக்கம் என்றால் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்க வேண்டியவை: கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிநேரம் பட்டினி போட வேண்டும், தையல் தானாகக் கரையுமா, காது நுனியை வெட்டி அடையாளம் வைப்பீர்களா, வெறிநோய்த் தடுப்பூசியையும் சேர்த்துப் போடலாமா. குட்டிக்குப் பால் கொடுக்கும் பெட்டை என்றால், குட்டிகள் தானாகச் சாப்பிடும் வரை பொறுக்கச் சொல்வார்கள்.

பிடிப்பதுதான் பெரிய வேலை என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அவசரப்பட்டால்தான் அப்படி. கதவுள்ள பூனைக்கூடை ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். சாப்பாட்டுத் தட்டை முதல் நாள் கூடைக்கு வெளியே, இரண்டாம் நாள் வாசலில், மூன்றாம் நாள் பாதி உள்ளே, அப்புறம் கடைசி மூலையில் வையுங்கள். பழைய லுங்கியை மேலே போர்த்துங்கள், இருட்டாக இருந்தால் நம்பிப் போகும். ஒரு வாரத்தில் பூனை அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவும். குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம், அது உள்ளே போய்க் குனிந்து சாப்பிடும்போது கதவைச் சாத்துங்கள். கத்தும், முட்டும். லுங்கியை முழுக்க மூடிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். பைக்கில் கொண்டுபோனால் கூடையின் கதவைக் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டிவிடுங்கள். நான் ஒருமுறை கட்டவில்லை. கெடிலம் பாலத்தின் நடுவில் கதவு திறந்துகொண்டது. அதன் பிறகு நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை, பூனை பத்து நாள் கழித்துத் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த இரவு ஒரு சின்ன அறையிலோ குளியலறையிலோ தரையில் துணி போட்டு விடுங்கள். மயக்கம் தெளியாத பூனை உயரத்தில் ஏறினால் விழும். கடுவனை மறுநாளே விடலாம். பெட்டையை மருத்துவர் சொல்லும் நாள்வரை, குறைந்தது சில நாளாவது, உள்ளேயே வைத்துத் தையலைப் பாருங்கள். வீக்கம், ரத்தக்கசிவு, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை என்று எது இருந்தாலும் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். பிடித்த இடத்திலேயே விடுங்கள், வேறு தெருவில் அல்ல.

குட்டிகளைப் பார்த்துவிட்டால்

தூக்காதீர்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். நீங்கள் பார்க்கும்போது தாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய், அடுத்ததற்காகத் திரும்பி வந்துகொண்டிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணிநேரம் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் குட்டிகளைச் சுற்றிச் சலித்த மணலை மெல்லிசாகத் தூவுங்கள், தாய் வந்துபோனால் தடம் விழும். அரிசிமாவு தூவாதீர்கள், எறும்பு வரும், கண் திறக்காத குட்டிக்கு எறும்பு எமன்.

தாய் வரவே இல்லை, குட்டி சில்லென்று இருக்கிறது என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடேறிய பிறகு, பூனைக்குட்டிக்கான பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். இதற்கு ஆள் இல்லை என்றால் முதல் நாளே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மலம் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்கு. தண்ணீர் தேங்கிய ராத்திரிகளில் பூனைகள் சூடு தேடி கார் எஞ்சினுக்குள்ளும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் ஏறிவிடும். காலையில் சாவி போடுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிடுங்கள்.

கருப்பி இப்போது பின்சந்து ஆயா வீட்டு ஜன்னலில்தான் அதிகம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வந்த அன்று ஆயா அதன் காதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்பா, பூனையை எலி கடிச்சிடுச்சா?"