ஃபைல் வேலையை நம் கம்ப்யூட்டரிலேயே முடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் 500 எம்பி வீடியோவை ஆன்லைனில் ஏற்றிச் சுருக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 எம்பி மேலே போகிறது, சுருங்கிய 50 எம்பி கீழே வருகிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப இன்னொரு 50. ஆக 600 எம்பி. சிக்னல் நடுவில் அறுந்தால், பல தளங்களில் ஏற்றுவதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே வேலையை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் தன் கம்ப்யூட்டரிலேயே முடித்திருந்தால் கடைசி 50 மட்டும்தான் நெட்டில் போயிருக்கும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-ல் உலக மின்நுகர்வில் சுமார் 1.5 சதவீதம், இத்தகைய தளங்களின் சர்வர்கள் ஓடும் டேட்டா சென்டர்களுக்கே போயிருக்கிறது. அந்தச் சுமையில் நம் பங்கைக் குறைக்க இது நல்ல வழி. ஆனால் மிச்சப்படுத்தியதைச் சில பழக்கங்கள் அப்படியே விழுங்கிவிடும்.

முதலில், கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுவது. 45 வாட் இழுக்கும் லேப்டாப் 20 நிமிடம் வீடியோவைச் சுருக்கினால் 0.015 யூனிட் செலவு. வேலை முடிந்த பிறகு, 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை ராத்திரி பத்து மணி நேரம் சும்மா ஓடவிட்டால் 0.6 யூனிட். நாற்பது மடங்கு! ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் இது அன்றாடம் நடக்கிறது. சுவிட்சை அணைப்பதுதான் முதல் வேலை.

அதைவிடப் பெரிய தவறு, இதற்காகவே புது லேப்டாப் வாங்குவது. ஒரு லேப்டாப்பால் வரும் கார்பன் மாசில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வந்துவிடுகிறது. பிடிஎஃப் சேர்க்கவும் போட்டோவைச் சுருக்கவும் பழைய கம்ப்யூட்டரே தாராளம். ரொம்ப மெதுவாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போடுங்கள், இன்னும் சில வருடம் ஓடும்.

“நம்ம ஊர் கரண்ட் தண்ணீரிலிருந்துதானே வருது, எவ்வளவு செலவானா என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. நீலகிரியின் பைக்காராவில் 1932 முதல் நீர்மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தா திட்டமும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மின்தொகுப்பு எல்லோருக்கும் பொது. இங்கே வீணாகும் ஒவ்வொரு யூனிட்டையும் மேட்டூரிலோ நெய்வேலியிலோ கரி எரித்து ஈடுகட்ட வேண்டியிருக்கலாம். அணைகளும் சும்மா வரவில்லை. இந்த மலையின் புல்வெளியும் சோலையும் அவற்றின் நீருக்கடியில் போயிருக்கின்றன. அதை மறந்து கரண்டை வீணாக்குவது நியாயமில்லை.

அப்புறம், “உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்” என்று ஒரு தளம் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பக்கம் முழுவதும் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். முடித்துக் கொடுத்தால் ஃபைல் வெளியே போகவில்லை. நின்றுவிட்டால் சர்வரை நம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

பலர் கவனிக்காத ஒன்று, தானாக நடக்கும் பேக்கப். வீடியோவை வெட்டி, நிறம் மாற்றி, சுருக்கி நான்கு பிரதி எடுத்தால், அந்த நான்கும் மூலத்தோடு சேர்ந்து கிளவுடுக்கு ஏறிவிடும். பிறகு வீட்டிலேயே செய்து என்ன பயன்? வேலை நடக்கும் ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து விலக்கி வையுங்கள். கடைசிப் பிரதியை மட்டும் அதற்கான ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, நடுவில் எடுத்த மற்ற பிரதிகளை அழித்துவிடுங்கள்.