பெர்சியன் பூனைக்குட்டி: நீலக் கண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பஞ்சு. "அறுபது நாள் ஆச்சாம் அண்ணா. கண்ணைப் பாருங்க, ப்ளூ!" பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

தண்ணீர் வைப்பது, மணல் தட்டைச் சுத்தம் செய்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சின்னதாக எடுத்தால்தான் ஒட்டும் என்று நம்புவது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். குட்டி வளர வளர விற்பவருக்குத் தீனிச் செலவு, ஊசிச் செலவு. அதனால் 40 நாளிலேயே தள்ளிவிட்டு 60 நாள் என்பார்கள். நாமும் தலையாட்டுவோம்.

என் முதல் குட்டிக்கு நீலக் கண் என்று சொல்லி இரண்டாயிரம் கூடுதலாக வாங்கினார்கள். எல்லாப் பூனைக்குட்டிகளுக்கும் கண் திறக்கும்போது நீலம்தான். ஆறு, ஏழு வாரத்தில்தான் சொந்த நிறம் எட்டிப் பார்க்கும். பெர்சியனில் கடைசிவரை நீலமாக இருப்பது ஹிமாலயன் வகைக்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும்தான். ஆக, நான் காசு கொடுத்தது அதன் வயதுக் குறைவுக்கு! சமையலறைத் தராசில் வைத்தேன், 420 கிராம். இரண்டு மாதக் குட்டி ஏறக்குறைய 800 கிராமாவது இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் வாந்தி. அப்புறம் பேதி. பான்லுகோபீனியா என்றார் டாக்டர், பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப் ஏற்றினோம். ஆறாம் நாள் குட்டி செத்துப்போய்விட்டது. கண் அதற்குள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது.

அடுத்த மாதமே இன்னொன்று வாங்கக் கிளம்பிய என்னை அவர்தான் தடுத்தார். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூடக் கிடக்குமாம். சாதாரண பினாயிலுக்கு அசையாது, பிளீச் வேண்டும்.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் எட்டு வாரம் வாக்கில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை போடுகிறார்கள். 12 வாரம் தாயோடு விட்டால், கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையும் கற்றுக்கொண்டு வரும். தொண்ணூறு நாளில் எடுத்த என் இரண்டாவது பூனை ஒட்டவில்லையா? இதை எழுதும்போதும் மடியில்தான் கிடக்கிறது.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஊசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். "அட்டை அப்புறம் தரேன்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பையனின் குட்டியையும் அதே தராசில் வைத்தேன். 450. அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே தாயிடம் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன்.

பஞ்ச் ஃபேஸ் மோகம்

மூக்கு எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலை. மூச்சு இரைப்பும் கண்ணில் ஓயாத நீரும் இலவசம். சென்னை மே மாதத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சகிக்காது. மூக்கு சற்று எடுப்பான டால் ஃபேஸே போதும்.

சிக்கோடு குளிப்பாட்டுவது

முடிச்சு நனைந்தால் இறுகி நார்க்கட்டி ஆகிவிடும். முதலில் எஃகுச் சீப்பு, பிறகு தண்ணீர். அக்குள், வயிறு, காதின் பின்புறம் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், முடிச்சோடு தோலும் எழும்பி வரும். நான் வெட்டியிருக்கிறேன், தையலும் போட்டிருக்கிறார்கள்.

பசும்பால்

வேண்டாம்.

பாராசிட்டமால்

கால் மாத்திரைகூடக் கூடாது. செத்துப்போகும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து

பெர்மெத்ரின் என்று அட்டையில் இருந்தால் பூனை பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதைத் தடவிய நாயோடு ஒரே பாயில் படுக்கவும் விடாதீர்கள்.