டிக்கெட் கையில், அபராதம் தலையில்: வெளிநாட்டு நகரப் பஸ்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ரோம் நகரின் டெர்மினி நிலையத்துக்கு முன்னால் 64ஆம் எண் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வத்திக்கான் பக்கம் போகிற பஸ் என்பதால் பாதிப் பேர் சுற்றுலாக்காரர்கள். எனக்கு எதிரே ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் இரண்டு டிக்கெட்டுகளையும் கசங்காமல் பாஸ்போர்ட்டுக்குள் செருகி, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இதே தடத்தில் நானும் இப்படித்தான் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தினேன்.

மேப்பைப் பார்த்து ஏறுங்கள், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

டிக்கெட் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

ரோமில் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். புகையிலைக் கடையில், பத்திரிகைக் கடையில், மெட்ரோ நிலையத்து இயந்திரத்தில் கிடைக்கும். அதில் தேதி இருக்காது. இன்றைக்கும் செல்லும், அடுத்த வாரமும் செல்லும். பஸ்ஸுக்குள் கம்பத்தில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியின் வாயில் செருகினால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், ஓரத்தில் தேதியும் நேரமும் விழும். அந்த நொடியிலிருந்துதான் அதன் 100 நிமிடம் ஓட ஆரம்பிக்கிறது. முத்திரை விழாத டிக்கெட்டை ஒருவர் வாரக்கணக்கில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓசியில் சுற்றலாம் இல்லையா? அதனால்தான் செக்கரின் கண்ணுக்கு அது வெறும் தாள்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் மாட்டிக்கொண்ட அன்றைக்கு மூன்று நிறுத்தம் தாண்டியதும், சாதாரண உடையில் இருந்த இரண்டு பேர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நான் சிரித்த முகத்தோடு டிக்கெட்டை நீட்டினேன். அவர் ஒரு பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு கம்பத்துப் பெட்டியை விரலால் காட்டினார். “சரி, இதோ போட்டுவிடுகிறேன்” என்று எழுந்தேன். அதற்கு அவர் மெதுவாகத் தலையை ஆட்டிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு அபராதம் கட்டினேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. டிக்கெட்டே எடுக்காமல் ஏறியவனுக்கும் காசு கொடுத்து வாங்கி ஏறிய எனக்கும் ஒரே தொகை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

வாசலில் யாரும் டிக்கெட் கேட்காத பல நகரங்களில் இந்தப் பொறி காத்திருக்கிறது. பிராக், புடாபெஸ்ட் காகித டிக்கெட்டுகளுக்கும் இதே முறைதான். பிராகில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு: ஒரே டிக்கெட்டில் இரண்டாம் முறை முத்திரை குத்தினால் அது செல்லாமல் போய்விடும். வண்டி மாறும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுபடி செருகாதீர்கள். வாங்கும்போதே நேரம் அச்சாகி வருகிற டிக்கெட்டுகளும் இருக்கின்றன, அவற்றுக்கு முத்திரை தேவையில்லை. ஆகவே டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் நேரம் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். ஆப்பில் வாங்கினாலும் வாங்குவது வேறு, இயக்குவது வேறு. செக்கரைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால், அழுத்திய நேரம் திரையிலேயே காட்டிக்கொடுக்கும்.

பெட்டி வேலை செய்யவில்லை என்றால் அடுத்த பெட்டிக்குப் போங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, தேதியையும் நேரத்தையும் பேனாவால் டிக்கெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் பார்த்த அந்தத் தம்பதியிடம் எழுந்து போய் டிக்கெட்டில் முத்திரை போடச் சொன்னேன். கணவர் முதலில் என்னை ஜேப்படி ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். 64ஆம் எண் பஸ்ஸில் அது நியாயமான சந்தேகம்தான்.

இறங்கும்போது அட்டையைத் தட்டாமல் போவது

லண்டன் பஸ்ஸில் ஏறும்போது பயண அட்டையையோ வங்கி அட்டையையோ இயந்திரத்தில் ஒருமுறை தட்டினால் போதும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்பதால் இறங்கும்போது வேலையில்லை. அந்தப் பழக்கத்தோடு சிங்கப்பூர் போனால் கை சுடும். அங்கே தூரத்துக்கு ஏற்ற கட்டணம். இறங்கும்போது தட்டாவிட்டால் நீங்கள் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. சியோலில் இறங்கும்போது தட்டினால்தான் அடுத்து ஏறும் பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ சலுகை கிடைக்கும், அதுவும் பகலில் 30 நிமிடத்துக்குள்.

இதற்குள் இன்னொரு குழி. ஏறும்போது கைப்பேசியைத் தட்டிவிட்டு, இறங்கும்போது அட்டையைத் தட்டுவது. பணம் போவது ஒரே கணக்கிலிருந்துதான். ஆனால் கைப்பேசியில் ஏற்றிய அட்டைக்குத் தனி எண் என்பதால் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு ஆள், பாதியில் நிற்கும் இரண்டு பயணம். லண்டனில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்ற சலுகையும் இப்படித்தான் கைநழுவும்.

தவறான கதவு

கியோட்டோ நகரப் பஸ்ஸில் பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்கதவில் காசு போட வேண்டும். டோக்கியோவின் நடுப்பகுதியில் பெரும்பாலும் இது தலைகீழ். வரிசையில் முன்னால் நிற்பவரைப் பாருங்கள்.

எண்ணை மட்டும் பார்த்து ஏறுவது

போகிற பஸ்ஸுக்கும் வருகிற பஸ்ஸுக்கும் எண் ஒன்றுதான். பார்க்க வேண்டியது நெற்றியில் ஓடும் கடைசி நிறுத்தத்தின் பெயரை. இடப்பக்கம் வண்டி ஓடும் நாட்டில் பழகிய கால், வலப்பக்க நாட்டில் தானாகவே எதிர் நிறுத்தத்துக்குப் போகும். எனக்கு அது தெளிய மூன்று நாளாவது ஆகிறது. ஒருவழித் தெருக்கள் நிறைந்த பழைய நகரங்களில், இறங்கிய இடத்துக்கு எதிரே திரும்பும் நிறுத்தம் இருக்காது, அது பக்கத்துத் தெருவில் இருக்கும். கியோட்டோவின் 206 மாதிரி வட்டத் தடம் என்றால் தப்பான பக்கம் ஏறினாலும் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், என்ன, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு.

கை காட்டாமல் நிற்பது

லண்டனிலும் சிங்கப்பூரிலும் கை நீட்டுங்கள். இல்லாவிட்டால் பஸ் போய்விடும்.

நோட்டை நீட்டுவது

லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலை முதல் ரொக்கமே வாங்குவதில்லை. ஹாங்காங்கில் வாங்குவார்கள், சில்லறை தரமாட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸைப் பார்க்காமல் கிளம்புவது

போகும் நேரத்தைப் பார்ப்பவர்கள் திரும்பும் நேரத்தைப் பார்ப்பதில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் வேலைநாளுக்கு ஒரு பத்தி, ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் வேறு பத்தி இருக்கும். இத்தாலியில் ‘ஃபெரியாலே’ என்றால் சனிக்கிழமையும் சேர்த்து வேலைநாள், ‘ஃபெஸ்டிவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறையும். ஃபெரியாலே என்பதற்கு விடுமுறை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மலைமேல் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர்தான் பக்கத்துப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார்.