அண்ணப்பிளவைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது எப்படி?

வாயின் மேற்கூரையான அண்ணம் பிளவுபட்டுக் குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று தாயைக் கேட்பவர்கள் நம் டெல்டா ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு இழைக்கப்படும் அநீதி அது. கருவுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் சாதாரண மடிக்கணினியிலேயே ஆராயலாம்.

முதலில் உயிரியலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கருவுற்ற ஆறாவது வாரத்தில் மேல்தாடையின் இருபுறமிருந்தும் இரண்டு தட்டுகள் நாக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளர்கின்றன. பின்னர் அவை மேலெழுந்து, கிடைமட்டமாகி, நடுவில் சந்தித்து, பன்னிரண்டாவது வாரத்துக்குள் இணைந்துவிடுகின்றன. இணையும் இடத்தில் தட்டுகளை மூடியிருக்கும் மேல்படலச் செல்கள் மறைந்தால்தான் உள்திசு ஒன்றாகும்.

அடுத்து, காம்ப்யூசெல்3டி என்னும் இலவச மென்பொருளை நிறுவுங்கள். கிரானரும் கிளேசியரும் 1992-இல் முன்வைத்த மாதிரியே இதன் அடிப்படை. இதில் திரை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செல்லும் பல கட்டங்களை அடைத்துக்கொண்டிருக்கும். இரு செல்கள் தொடும் எல்லைக்கு ஓர் ஆற்றல் மதிப்பு உண்டு. மதிப்பு குறைந்தால் ஒட்டுதல் கூடும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே, அண்ணத்தைத் தொடுவதற்கு முன் இரு வகைச் செல்களைக் கலந்துவிட்டு, முதல் வகை தம்முள் 2, இரண்டாம் வகை தம்முள் 14, இரண்டுக்கும் இடையே 11, செல்களைச் சூழ்ந்த வெளி ஊடகத்தோடு 16 என்று மதிப்பளித்து ஓட்டுங்கள். நன்றாக ஒட்டும் முதல் வகை உள்ளே திரள வேண்டும். திரளாவிட்டால் மேலே செல்லாதீர்கள்.

பிறகு வளர்ச்சிச் சமிக்ஞையை, அதாவது செல்களை வளரத் தூண்டும் வேதிப்பொருளை, சேர்க்க வேண்டும். தலைமடைக்குப் பாயும் நீர் கடைமடைக்குக் குறைவதைப் போல, அதன் செறிவும் ஊற்றிலிருந்து விலக விலகக் குறையும். அது பரவும் வேகத்தைக் குறிக்கும் பரவல் எண்ணை, அழியும் வேகத்தைக் குறிக்கும் சிதைவு எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், அது எட்டும் தொலைவு ஏறத்தாழக் கிடைக்கும். செறிவு போதுமான இடத்தில் செல்லின் இலக்குப் பருமன் (செல் எட்ட முயலும் அளவு) கூடவும், எதிர்த்தட்டைத் தொட்ட மேல்படலச் செல்லின் இலக்குப் பருமன் மெல்லப் பூஜ்ஜியமாகவும் பைத்தான் நிரல்மொழியில் விதி எழுதுங்கள்.

இயல்பான நிலையில் தட்டுகள் இணைவதை உறுதிசெய்த பின்னரே குறைபாட்டுக்கு வாருங்கள். இடைவெளியை நீங்களாகச் செதுக்கக் கூடாது. அது விதிகளிலிருந்து தானாகத் தோன்ற வேண்டும். ஒரு முறை வளர்ச்சி வேகத்தை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். மறுமுறை மேல்படலச் செல்கள் மறைவதை மட்டும் தாமதப்படுத்துங்கள். முதலாவதில் தட்டுகள் சந்திப்பதே இல்லை. இரண்டாவதில் சந்தித்தும் நடுவே தையல்போல் படலம் எஞ்சுகிறது. இரண்டையும் "இணையவில்லை" என்று ஒரே வரியில் பதிந்துவிடாதீர்கள். இந்த வேறுபாட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கணக்கீட்டின் ஒவ்வொரு படியும் தற்செயலைச் சார்ந்தது என்பதால், ஒரே மதிப்பை வெவ்வேறு தொடக்க எண்களோடு (தற்செயல் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்கள்) குறைந்தது இருபது முறை ஓட்டி, எத்தனை முறை இணைந்தது என்று எண்ணுங்கள். கணினியின் படிகள் மணிக்கணக்கு அல்ல. இயல்பான ஓட்டத்தில் தட்டுகள் தொடும் படியைக் குறித்துவைத்து, மற்ற ஓட்டங்களின் தாமதத்தை அதனோடு ஒப்பிட்டே எழுதுங்கள்.