இன்குபேட்டரில் சூடு பிசகாமல் இருக்க: செட்டிநாட்டு வீடுகளில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் முறை

கோழி முட்டை பொரிய 21 நாள். கடைசி சில நாள் தவிர, அத்தனை நாளும் முட்டையின் மேல் மட்டத்தில் 37.5 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும். இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டி செய்வது ஒரு நாள் வேலைதான். சூட்டை நிறுத்தத் தெரியாமல்தான் புதிதாகச் செய்பவர்கள் முட்டையை இழக்கிறார்கள். முட்டை குளிர்ச்சியைப் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. ஒரு மணி நேரம் 33-க்கு இறங்கினால் பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 40-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு செத்துவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது?

பழைய செட்டிநாட்டு வீடு என்றால் வசதி. வளவை (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஒட்டிய உள் அறைகளில் கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் சூடு அதிகம் மாறாது. முற்றத்து வெயில் விழும் பக்கம் வேண்டாம். கான்கிரீட் மாடி அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும் வேண்டவே வேண்டாம். ஸ்டூல் மேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஓடு கீறும் நேரத்தில் எறும்பு முந்திக்கொள்ளும்.

பெட்டி

45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரத்தில் தெர்மாகோல் பெட்டி. 25 வாட் குண்டு பல்பு இரண்டு: ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்புக்கும் தெர்மாகோலுக்கும் 10 செ.மீ. இடைவெளி விட்டு, நடுவே தகரத்தை நிறுத்துங்கள். இல்லையென்றால் தெர்மாகோல் உருகித் தீப்பிடிக்கும். 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி நிற்காமல் ஓட வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். அதில் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 வையுங்கள். பக்கவாட்டில் பென்சில் பருமனில் நான்கு துளைகள். 230 வோல்ட் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சரிபார்த்தல்

சூட்டைப் பார்த்துப் பல்பை எரியவும் அணையவும் வைக்கும் கருவிதான் தெர்மோஸ்டாட். பலரும் வாங்குவது டபிள்யூ 1209 (W1209) போர்டு. சூடாக்கும் முறையில் வைத்து, 37.5 அமையுங்கள். அதன் அமைப்புகளில் பி 1 (P1) என்பது பல்பு அணையும் சூட்டுக்கும் மறுபடி எரியும் சூட்டுக்கும் உள்ள இடைவெளி. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 2 டிகிரி இருக்கும். அப்படியே விட்டால் 35.5 வரை இறங்கிய பிறகுதான் பல்பு எரியும். 0.2 ஆக்குங்கள்.

அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் முனைகள் ஒட்டியிருக்கும்படி விடுங்கள். கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் அது 38 டிகிரி. அதே நேரம் போர்டு 37.2 என்றால் 0.8 குறைவாகக் காட்டுகிறது. காட்டும் எண்ணைத் திருத்தும் பி 4 (P4) அமைப்பில் 0.8 கூட்டுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் பெட்டியில் உண்மையான சூடு 38.3, திரையில் மட்டும் 37.5.

சென்சார் தட்டின் நடுவில், முட்டையின் மேல் மட்டத்தில் தொங்கட்டும். பல்பு வெளிச்சம் நேராக அதன்மேல் படக்கூடாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்து ஒரு முழு நாள் வெறும் பெட்டியை ஓட்டுங்கள். கரண்ட் போனாலும் அந்தத் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

முட்டை வைத்த பிறகு

முட்டை வைத்ததும் திரையில் 34 வரை இறங்கும். பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். பதறிப்போய் அளவை 39-க்கு ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. விடிவதற்குள் முட்டையும் அந்தச் சூட்டைப் பிடித்துவிடும். கை வைக்காமல் விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை முட்டையைத் திருப்புங்கள். ஈரப்பதம் 50 சதவீதம் போதும்.

கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் பெட்டிமேல் போர்வை போடுங்கள். துளைகளை மட்டும் மூடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

சித்திரை, வைகாசியில்தான் உண்மையான சிக்கல். அறைச் சூடே 36, 37-ஐத் தொடும். இரண்டு வாரம் தாண்டிய கரு தானும் சூடு விடும். பல்பு எரியாமலே பெட்டி 38.5 காட்டும், தெர்மோஸ்டாட்டால் பல்பை அணைக்க முடியுமே தவிரக் குளிர வைக்க முடியாது. மூடியை ஒரு விரல் அளவு தூக்கி வையுங்கள், பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போடுங்கள், முட்டையைப் பாதியாகக் குறையுங்கள். முதல் தடவை செய்பவர்கள் கத்திரி வெயிலில் தொடங்காதீர்கள். அந்த மாதங்களில் சேர்த்து வைக்கும் முட்டையும் தாங்காது. அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். ஈர மணல் நிரப்பிய மண்பானை மேல் துணி விரித்து வைத்தாலும் மூன்று நான்கு நாளுக்குள் அடைக்குப் போட்டுவிடுங்கள்.

18-ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, சூட்டை 37.2 ஆக்கி, ஈரப்பதத்தை 65-70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். பிறகு மூடியைத் திறக்க வேண்டாம்.

19, 20-ஆம் நாளிலேயே தொப்புள் மூடாத குஞ்சு வந்தால் பெட்டி சூடு அதிகம். 22, 23 வரை இழுத்து, வயிறு உப்பிய சோம்பல் குஞ்சு வந்தால் சூடு குறைவு. அடுத்த அடைக்கு 0.3 டிகிரி மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கு முன் சொம்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.