பேணிக்குள் வளர்ந்த பயறும் விடைத்தாளில் வரும் பிழைகளும்

உயர்தர உயிரியல் வகுப்பில், ஒளி செடியின் வளர்ச்சியை எப்படி வழிநடத்துகிறது என்ற பாடம் வந்தால் முதலில் ஒரு வேலை கொடுப்பேன். ஊறவைத்த பயற்றை இரண்டு பால்மாப் பேணிகளில், ஈரப் பஞ்சின் மேல் போட வேண்டும். ஒரு பேணி முற்றத்துக்கு, மற்றது மூடியோடு அலுமாரிக்குள். நாலைந்து நாளில் அலுமாரிப் பயறு வெளிறி, நூல் போல நீண்டு, தலையைக் கொக்கியாய் வளைத்துக்கொண்டு நிற்கும்.

“வெளிச்சம் இல்லை, சாப்பாடு இல்லை, சோர்ந்துபோச்சு சேர்” என்பார்கள். சோர்ந்த செடி முற்றத்துப் பயற்றை விட உயரமாக எப்படி வளரும்? சாப்பாடு வித்திலையில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடப்பதாக எண்ணி மேலே ஓடுகிறது, அவ்வளவுதான். குருத்து மண்ணில் உராயாமல் இருக்கத்தான் அந்தக் கொக்கி. ஒளி இங்கே செய்தி. ஒளித்தொகுப்பை இதற்குள் இழுக்காதீர்கள்.

‘ஒளி பரம்பரையலகை மாற்றுகிறது’ என்றும் எழுதாதீர்கள். இரண்டு பேணியிலும் டிஎன்ஏ என்ற புத்தகம் ஒன்றே. அதில் எந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது.

அதிகம் புள்ளி போவது ‘இருட்டில் எல்லாம் நின்றுவிடும்’ என்ற இடத்தில். இருட்டில்தான் பிஐஎஃப் என்ற புரதங்கள் கலத்தின் கருவுக்குள் இருந்து தண்டை நீட்டும் பரம்பரையலகுகளை இயக்குகின்றன. பச்சையாக வளரத் தூண்டும் எச்வை5 புரதத்தை, கொப்1 என்ற இன்னொரு புரதம் அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால், ஒளியை உணரும் புரதமான பைற்றோகுரோம் வடிவம் மாறிக் கருவுக்குள் போகும். பிஐஎஃப் சிதைக்கப்படும், கொப்1 அடங்கும், எச்வை5 தப்பும். புதிதாய் ஒரு சுவிட்ச் போடுவதை விட, மிதித்திருந்த பிரேக்கை விடுவது போன்ற வேலை இது.

மாமர நிழலில் மிளகாய்க்கன்று நெடுநெடுவென வளர்வதற்கும் ‘ஒளி குறைவு’ என்று மட்டும் எழுதினால் அரைப் புள்ளிதான். மேலுள்ள இலைகள் சிவப்பை உறிஞ்சி, சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச்சிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. தூரச்சிவப்பு பைற்றோகுரோமைப் பழைய வடிவத்துக்குத் திருப்பும். பிஐஎஃப் மறுபடி சேரும். 1952இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில்லில் சலாதுக் கீரை விதைக்கு இரண்டு ஒளியையும் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பென்றால் பெரும்பாலானவை முளைத்தன, தூரச்சிவப்பென்றால் இல்லை.

சரி, செய்முறையில் வரும் பிழை ஒன்று. ஒரு பெடியனின் அலுமாரிப் பயறு கொக்கி விரிந்து, கட்டையாக வந்திருந்தது. விசாரித்தால், ஒவ்வொரு இரவும் ஃபோன் லைற் அடித்து வளர்ந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறான்.